எந்த ஊசி?

கும்பகோணத்தில் முப்பத்தொரு வருடம் ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவள் நான். ஊசி என்றால் எனக்குக் கையில் பிடிப்பதுதான். 2022 ஐப்பசியிலிருந்து அது நரம்பில் ஏறுவதும் ஆனது.

நோயை முதலில் சொன்னது என் அளவு டேப். ஐந்து மாதமாக வயிறு உப்பசம், வாயு என்று மாத்திரை தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் எனக்கே அளவெடுத்தேன். கைச்சுற்று இளைத்திருக்கிறது, இடுப்பு மட்டும் மூன்று அங்குலம் கூடியிருக்கிறது. உடம்பு அப்படிப் பெருக்காது. ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்று நீரை எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலையின் கடைசிப் படி. "முன்னமே டெஸ்ட் எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கர்ப்பப்பை வாய்க்கு இருப்பதுபோல இதற்கு முன்கூட்டிக் காட்டித்தரும் பரிசோதனை கிடையாது என்று எத்தனை பேரிடம்தான் விளக்குவது?

மூன்று கீமோ, அறுவை சிகிச்சை, மறுபடி மூன்று கீமோ. கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும், 21 நாளுக்கு ஒருமுறை. முடி போனதற்கு நான் அழவில்லை. நான்காவது கீமோவுக்குப் பிறகு கொக்கி கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளை லைனிங் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. என் ரத்தம். ஊசி குத்தியதே தெரியவில்லை. அன்றைக்கு அழுதேன்.

மருத்துவமனையில் வாந்தி கேட்டார்கள், காய்ச்சல் கேட்டார்கள், விரலைக் கேட்கவில்லை. நானே சொன்னபோது, "அது போகப் போகச் சரியாயிடும்மா" என்றார்கள். முக்கால்வாசி சரியானது. இடது கைக் கட்டைவிரல் இன்னும் பாதி மரக்கட்டை.

2024 கோடையில் சி.ஏ.125 ஏறத் தொடங்கியது. அது ரத்தத்தில் பார்க்கும் ஓர் எண். 35க்குள் இருந்தால் நிம்மதி. எனக்கு 14 ஆக இருந்தது 41 ஆகி, 88 ஆனது. எனக்கோ பசி இருந்தது, தூக்கம் இருந்தது, கடையில் உருப்படி குவிந்திருந்தது. டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகனிடம் பேசினார். அவன் வந்து, "ஒண்ணுமில்லம்மா, சத்து ஊசி நாலு போடணுமாம்" என்றான். அறுபத்திரண்டு வயதுக்காரியிடம்! அவன் மேல் கோபமில்லை, பயந்த பிள்ளை. கோபமெல்லாம் அந்தக் கதவின் மேல்தான்.

வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என்னை உள்ளே உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 2010இல் லான்செட் இதழில் வந்த ஆய்வாம். முதல் சிகிச்சை முடிந்து, எண் மட்டும் ஏறிய 529 பெண்கள். பாதிப் பேருக்கு உடனே கீமோ. மீதிப் பேருக்குத் தொந்தரவு தெரிந்த பிறகு. நடு அளவாக முதல் கூட்டம் உயிரோடிருந்தது 25.7 மாதம், இரண்டாவது கூட்டம் 27.1. கணக்கில் இது வித்தியாசமே இல்லை என்றார். ஆனால் முந்திக் கீமோ எடுத்தவர்களுக்கு அன்றாட வாழ்க்கை சீக்கிரமே கெட்டது. அந்த ஆய்வு பழையது, அதற்குப் பின் புது மருந்துகள் வந்துவிட்டன, சிலருக்கு மறு அறுவைக்கு வழி இருக்கலாம் என்பதையும் அவரே சொன்னார். ஸ்கேன் பார்த்துவிட்டு, எனக்கு அந்த வழி இல்லை என்றார். அதையும் மறைக்கவில்லை. பிறகு கேட்டார்: "உங்களுக்கு எது முடியணும்?"

"தீபாவளி உருப்படி முடியணும், விரல் வேணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்தார். ஆறு மாதம் கழித்துத் திரும்பும் நோய்க்குக் கார்போபிளாட்டினோடு பாக்லிடாக்சலுக்குப் பதில் லைப்போசோமல் டாக்ஸோரூபிசின் சேர்க்கலாம். 976 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், நரம்பு மரப்பும் முடி உதிர்வும் குறைவு, நோயைப் பிடித்துவைப்பதில் மட்டமில்லை. பதிலுக்கு வாய்ப்புண் வரலாம், உள்ளங்கை தோல் உரியலாம். தோல் உரிந்தால் வளரும், போடுங்கள் என்றேன்.

இதற்குத்தான் இந்தக் கட்டுரை. எது முடியணும் என்ற ஒரு கேள்வி, எந்த மருந்து என்பதையே மாற்றிவிட்டது. ஓட்டுநருக்குக் கால் வேண்டும், நாகஸ்வரக்காரருக்கு வாய் வேண்டும், எங்கள் தெரு இட்லிக்கார அக்காவுக்குக் காலை நாலு மணிக்கு எழுந்து நிற்கிற தெம்பு வேண்டும். புறநோயாளிக் கூட்டத்தில் நேரமில்லை என்பார்கள். கூட்டத்தை நானும் பார்த்தவள்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முற்றிய நோய்க்காரரின் கோப்பில் ரத்த அணுக்களை எழுதுமிடத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். பதில் நோயாளியின் வாயிலிருந்து வரட்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். வலி தணிப்புச் சிகிச்சைக்காரர்களிடம் அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று நாமும் பதறுகிறோம். கீமோ ஓடும்போதே எனக்கு அது நடந்தது. வயிற்றுப் பிடிப்பும் தூக்கமின்மையும் அவர்களால்தான் அடங்கின.

தொந்தரவு தொடங்கும்வரை காத்திருந்தோம். ஆடியும் ஆவணியும் போய், தீபாவளி முடிந்த பத்தாம் நாள் வயிறு மறுபடி இறுகியது. உருப்படி எல்லாம் கொடுத்தாகிவிட்டது. 28 நாளுக்கு ஒரு கீமோ தொடங்கினோம். மூன்றாவதில் உள்ளங்கை சிவந்து எரிந்தது. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்.

கடைசியாகப் போனபோது கைப்பையிலிருந்து 9ஆம் நம்பர் ஊசியையும் நூலையும் எடுக்கச் சொன்னார். "கோருங்க பார்ப்போம்." இரண்டாம் தடவை நூல் காதில் நுழைந்தது. அதைக் கோப்பில் எழுதினார், சி.ஏ.125க்கு மேல் வரியில்.