டவர் மீது பழி, குஞ்சுக்குப் பட்டினி

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம். அன்று பள்ளி விழா மேடையிலும் வாட்ஸப் குழுக்களிலும் தவறாமல் ஒலிக்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: செல்போன் டவரின் கதிர்வீச்சு குருவிகளைக் கொன்றுவிட்டது. 2018-இல் வந்த ஷங்கரின் ‘2.0’ படம் இதைப் பிரம்மாண்டமாகத் திரையில் காட்டியபின், சந்தேகப்படுபவரே அரிதாகிவிட்டார். ஆனால் இந்த நம்பிக்கை தவறு. அதைவிட மோசம், குருவியைக் காப்பாற்றக்கூடிய கைகளை அது கட்டிப்போடுகிறது.

பிரிட்டனின் வயல்வெளிகளில் குருவிகள் குறையத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அங்கே செல்போன் சேவை வந்ததே 1985-இல்தான். இல்லாத டவர் எந்தக் குருவியைக் கொன்றிருக்கும்?

இந்தியக் கணக்கும் டவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை. 2020-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, பறவை ஆர்வலர்களின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசியது. அதன்படி, அதற்கு முந்தைய 25 ஆண்டுகளில் நாடு முழுவதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருந்தது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் சரிவு. ஊர் ஊராக டவர் முளைத்ததும் அதே 25 ஆண்டுகளில்தான். கதிர்வீச்சுதான் எமன் என்றால் கிராமத்துக் குருவி மட்டும் எப்படித் தப்பியது? டவர்க் கதைக்கு ஆதாரமில்லை என்று அந்த அறிக்கையே சொல்கிறது. பெல்ஜியத்தில் 2007-இல் வெளியான ஆய்வொன்றை எதிர்த்தரப்பினர் எடுத்துக்காட்டுவதுண்டு. மின்காந்த அலை வலுவாக இருந்த இடங்களில் ஆண் குருவிகள் குறைவாகத் தென்பட்டன என்பதே அதன் முடிவு. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன. ஒன்றால்தான் மற்றது நேர்ந்தது என்று அது நிறுவவில்லை.

உண்மையான காரணம் கூட்டுக்குள் இருக்கிறது. முட்டை பொரிந்த மறுநாள் எட்டிப் பார்த்தால் இறகு முளைக்காத சிவந்த தோல், மூடிய கண்கள், உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய். அந்த வாய்க்குள் ஆணும் பெட்டையும் மாறி மாறித் திணிப்பது பச்சைப்புழு, அசுவினி, சிறு வண்டு. மொட்டைமாடியில் இறைக்கும் அரிசியும் கம்பும் வளர்ந்த குருவிக்கு ஆகும், பச்சிளம் குஞ்சுக்கு ஆகாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடுகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பூச்சி கிடைக்காமல் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் செத்தது தெரியவந்தது.

முருங்கையில் கம்பளிப்பூச்சி வருகிறதென்று மரத்தை வெட்டி, மருதாணிப் புதரைத் தோண்டியெடுத்து, வாசல் முழுக்க பேவர் பிளாக் பதித்து, மிஞ்சிய செம்பருத்திக்கும் பூச்சிமருந்து அடிக்கும் வீட்டில் குஞ்சுக்கு எதை ஊட்டுவது? கூடு கட்டவும் இடமில்லை. ஓட்டு வீட்டில் உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருந்தது. சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம் இருந்தது. கான்கிரீட் சுவர் வழுவழுவென்று மூடிக்கிடக்கிறது. மளிகைக் கடை வாசலில் சாக்கு மூட்டையிலிருந்து சிந்திய அரிசியும், முறத்தில் புடைக்கும்போது விழுந்த நொய்யும் பாக்கெட் வந்ததும் போயின.

இதையெல்லாம் டவர் கதை மறைத்துவிடுகிறது. குற்றவாளி ஏதோ ஒரு கம்பெனி என்றானபின் வீட்டுக்காரருக்கு வேலையே இல்லை. வருத்தப்பட்டு ஒரு செய்தியைப் பகிர்ந்தால் கடமை முடிந்தது. 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி மக்கள் நடந்துகொண்ட விதமே வேறு. தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது தெரிந்ததும், ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. அந்தப் பறவைக்கு அப்போது என்ன தேவை என்று பார்த்து அதைச் செய்தார்கள்.

சிட்டுக்குருவிக்குத் தேவையானதும் பெரிதல்ல. 32 மில்லிமீட்டர் துளையுள்ள மரப்பெட்டி போதும். துளை பெரிதானால் மைனா நுழைந்துவிடும். மதிய வெயில் படாத, பூனைக்கு எட்டாத சுவரில் அதை மாட்ட வேண்டும். சீலிங் ஃபேன் சுழலும் அறை வேண்டாம். ஃபேன் இறக்கையில் அடிபட்டுச் சாகும் குருவிகள் ஏராளம். பக்கத்தில் மருந்தடிக்காத புதர் ஒன்றாவது இருக்க வேண்டும். இது இல்லாமல் பெட்டி மட்டும் தொங்குவதில் பயனில்லை.

தனித்தனி வீடுகளோடு இது நின்றுவிடவும் கூடாது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகராட்சி 2020 முதல், 5 மீட்டருக்கு மேல் உயரமான புதுக் கட்டடங்களில் உழவாரன் குருவிகளுக்குக் கூட்டுப்பொந்து வைப்பதை நிபந்தனையாக்கியது. அத்தகைய பொந்துகளில் சிட்டுக்குருவிகளும் குடியேறுகின்றன. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டில், கட்டட அனுமதி தரும்போதே சுவரில் நாலு பொந்து கேட்பது ஆகாத காரியமில்லை. டவரை அகற்றச் சொல்லி மனு எழுதுகிறவர்கள் இந்த மனுவை எழுதட்டும்.