கடைக் கொப்பியில் பேர் இல்லாத அம்மாயிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

போன தவணை தரம் 8 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் கேட்டு, தெரிந்த மட்டும் வம்ச மரம் வரைந்து வாருங்கள் என்றேன். 32 பேர் கொண்டுவந்தார்கள். தாத்தா, பூட்டன், அவருக்கும் மேலே ஒருவர் என்று ஆண்களின் பெயர் ஏறிக்கொண்டே போகிறது. சில பிள்ளைகள் புதுக்கோட்டை, சேலம், திருச்சி என்று ஊரைக்கூட எழுதியிருந்தார்கள். ஒருவன் தன் பூட்டன் எந்தக் கங்காணியின் ஆளாக வந்தார் என்பதையும் எழுதியிருந்தான். பெண்களின் பெட்டியில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: அம்மாயி. இல்லாவிட்டால் அப்பாயி. அதற்கு மேலே வெறும் பெட்டி.

"பேரு தெரியாதா?" என்று கேட்டேன். "அம்மாயின்னு தான் டீச்சர் கூப்பிடுவாங்க" என்றாள் ஒரு மகள்.

கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் பெருந்தோட்ட வரலாற்றுக்கு நான் ஒரு சுவர்ப்படம் செய்தேன். 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டம், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1869இல் கோப்பிக்கு வந்த இலை நோய். அழகான படம், நல்ல புள்ளியும் கிடைத்தது. அதில் ஒரு பெண்ணும் இல்லை. அப்போது அது எனக்குத் தெரியவும் இல்லை.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் ஆண்களே அதிகம். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவார்கள், முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், எடுத்தவர் இங்கேயே இருக்க வேண்டும். அதனால் துரைமாருக்குக் குடும்பம் தேவைப்பட்டது. கொழுந்தெடுக்கப் பெண் வேண்டும், அவள் பெறுகிற பிள்ளையும் நாளைக்கு மலைக்கு வேண்டும். நாம் குடும்பம் என்று சொன்னதை அவர்கள் ஆள்பலம் என்று கணக்குப் பார்த்தார்கள். என்றாலும் அந்தப் பெண் வந்து அடுப்பு மூட்டிய பிறகுதான் மலையகம் ஒரு சமூகமாக ஆனது. அதற்கு முன்னால் அது ஒரு வேலைத்தளம்.

அவள் எப்படி வந்தாள்? தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடை. வழியெல்லாம் காய்ச்சல், கொலரா. மாத்தளையோடும் முடியவில்லை. நமது டிம்புல பக்கத்துக் காடுகள் 1860களிலும் 70களிலும் வெட்டப்பட்டபோது இங்கே ரயில் இல்லை. நாவலப்பிட்டிக்கே ரயில் வந்தது 1874இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முன் லிந்துலைக்கு வந்த தாய்மார் இந்த ஏற்றத்தையும் கால்நடையாகவே ஏறினார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, தலையில் சட்டி பானை. வயிற்றில் இன்னொன்று இருந்தவர்களும் இருந்திருப்பார்கள். 2023இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, நல்ல வீதியில், தண்ணீர் கொடுக்க ஆட்கள் நிற்க, 16 நாள் எடுத்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு ஹாஜரா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் நினைவு வந்தது.

முஸ்லிம் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பச்சைக் குழந்தையோடு பாலைவனத்தில் விடப்பட்ட தாய் அவர். தண்ணீருக்காக ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஏழு முறை ஓடினார். ஸம்ஸம் ஊற்று கிடைத்தது, மக்கா என்ற ஊர் உருவானது. இன்றைக்கும் ஹஜ்ஜுக்குப் போகிற ஆண், பெண், அரசர், கூலிக்காரர் எல்லோரும் அந்தத் தாய் ஓடிய ஓட்டத்தை ஓடித்தான் ஆக வேண்டும். இதைப் பள்ளிவாசலில் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அதிகம் சொல்லப்படாத இன்னொன்றும் ஹதீஸில் உண்டு. தண்ணீரைக் கண்டு ஜுர்ஹும் கூட்டத்தார் வந்தபோது, இங்கே தங்கலாமா என்று அவரிடம்தான் அனுமதி கேட்டார்கள். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். ஊரைத் தொடங்கிய தாயிடம் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் குடியேறினார்கள்.

நம் மலையில் அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

விடியுமுன் எழும்பி, ரொட்டி தட்டி, தேத்தண்ணி ஊற்றி, கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் வேலை இல்லை. இடுப்பில் படங்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை, காலில் அட்டை. நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். மாலையில் விறகோடு இறங்கி வந்தால் தண்ணீர், சமையல், மாட்டுக்குப் புல். லயத்துப் பின்பக்கம் நாலு பாத்தி மரக்கறி. ஆம்பிளைக்கு மத்தியானத்தோடு வேலை முடிகிற நாளிலும் அவள் மலையில்தான் நின்றாள்.

தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் சம்பளம். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஆயுள் முழுக்கச் செக்ரோலில் ஆயிரக்கணக்கான பேர் விழுந்த ஒரு பெண்ணின் பெயர் பேரப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

அந்தப் பேரும் ஆணின் பேருக்குச் சமமாக இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயித்தார்கள். அந்த வித்தியாசம் முழுதாக இல்லாமல் போனது 1984இல். நான் பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை, அதிகம் கொழுந்து எடுத்தவளுக்குக் குறைந்த சம்பளம். அதையும் பல தோட்டங்களில் புருஷன்தான் போய்க் கைநீட்டி வாங்கினார்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதில் ஒரு விஷயத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தச் சட்டம் உன் தந்தை இங்கே பிறந்தாரா, தந்தையின் தந்தை இங்கே பிறந்தாரா என்றுதான் கேட்டது. முறையாகக் கல்யாணம் கட்டிய பெற்றோரின் பிள்ளைக்குத் தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கிலேயே இல்லை. லயத்துக் காம்பராவில் பிறந்து, அதே லயத்தில் எட்டுப் பிள்ளை பெற்று, அதே மலையில் புதைக்கப்பட்ட ஒருத்தியின் வாழ்க்கை அவள் பிள்ளைகளுக்கு ஓர் அத்தாட்சியாகக்கூட உதவவில்லை. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல்தான்.

இப்போது எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் "கடைவீதிக்காரங்களுக்கு எங்க கதை எதுக்கு டீச்சர்" என்று யாராவது கேட்பீர்கள். கேட்பதும் நியாயம்.

என் வாப்பாவின் வாப்பா பசாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய கடன் கொப்பி ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. வம்ச மரம் பார்த்த அன்று இரவு அதை எடுத்துப் புரட்டினேன். அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய், கொச்சிக்காய். வந்து வாங்கியது பெண்கள், சம்பளத்தன்று முடிச்சை அவிழ்த்துக் காசை வைத்ததும் பெண்கள். வாப்பா சின்ன வயதில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். கொப்பியில் எழுதியிருப்பதோ இன்னார் பெண்சாதி, இன்னார் சம்சாரம், இன்னார் தாய். பக்கம் பக்கமாக அப்படித்தான். துரைமாரின் செக்ரோலையும் அரசாங்கத்தின் சட்டத்தையும் குறை சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அவளை முகம் பார்த்துத் தெரிந்து, அவள் நாணயத்தை நம்பிக் கடன் கொடுத்த என் அப்பாவும் அவள் பெயரைக் கேட்கவில்லையே.

அன்னையர் தினத்துக்கும் மகளிர் தினத்துக்கும் "மலையகத் தாயே, தியாகச் சுடரே" என்று கவிதைகள் வரும். என் பாடசாலையிலும் வாசிப்போம். எனக்கு அதில் சலிப்பு வந்துவிட்டது. தியாகம் என்று சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. 54க்கும் 43க்கும் இடையில் இருந்த 11 சதத்தை அவள் தியாகம் செய்யவில்லை. அது அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. அவள் சும்மா இருந்தவளும் இல்லை. கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தபோது அதைக் கேட்க நின்றவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். தொழிற்சங்க வேலையில் இருந்த கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' நாவலில் ஒரு தோட்டத்துப் பெண்ணையே நடுவில் வைத்தார். தரம் 11 பிள்ளைகளுக்காவது அதை வாசிக்கக் கொடுங்கள்.

இந்தப் பதிவை நான் எழுதத் தொடங்கியது ஒரு தாயின் கேள்வியால். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் நின்றார். கொழுந்தெடுக்கிறவர். ஏழு பேர்ச்சஸ் காணி, வீடு என்று பேச்சு அடிபடுகிறதாம். "பத்திரத்துல யாரு பேர போடுவாங்க டீச்சர்?" என்றார். தோட்டத்தில் பதிவு இருப்பது அவருக்கு, வேலை செய்வதும் அவர். புருஷன் கொழும்பில், வருவதும் வராததும் அவர் இஷ்டம். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், மலையகத்தில் கொடுக்கப்படுகிற ஒவ்வொரு காணிப் பத்திரத்திலும் மனைவியின் பெயர் இருக்க வேண்டும். கூட்டாகவாவது இருக்க வேண்டும், கொழுந்தெடுத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவள் அவள் என்றால் அவள் பெயரே முதலில் வர வேண்டும். "குடும்பத்துக்குள்ள சண்டை வரும்" என்று ஒரு சங்கத்துத் தம்பி சொன்னார். ஆண் பெயரில் மட்டும் எழுதினால் சண்டை வராது என்பது உண்மைதான், சண்டை போட அவளுக்குக் கையில் ஒன்றும் இருக்காதே. தலைவர்மாரே, சங்கத்துக்காரர்களே, சம்பளத்தைப் பற்றிப் பேசும் மேடையிலேயே இதையும் பேசுங்கள். ஒன்றைப் பேசினால் மற்றது குறைந்துவிடாது.

பிள்ளைகளிடம் வம்ச மரத்தைத் திருப்பிக் கொடுத்து, பெண்களின் பெட்டிகளை நிரப்பி வரச் சொன்னேன். இரண்டு கிழமையில் 11 பேர் கொண்டுவந்தார்கள். ஒரு பையன், தொங்கல் லயத்தில் இருக்கும் வயதான ஒருவரிடம் போய்க் கேட்டு, பூட்டியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான். சிவப்புப் பேனையால் எழுதியிருந்தான். அந்தப் பெயர் அவன் வீட்டுக்குரியது, இங்கே எழுத மாட்டேன்.

உங்கள் அம்மாயியின் அம்மா பெயர் தெரிந்தவர்கள், விருப்பம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள், வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். என் உம்மம்மாவின் உம்மாவின் பெயர் எனக்கும் தெரியவில்லை. அக்குறணையில் இருக்கும் பெரியம்மாவுக்கு வொய்ஸ் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டார், இன்னும் பதில் வரவில்லை.