சைக்கிளுக்கு ஒரு பாதை வேண்டும்



புதுவை நகரிலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் பிள்ளைச்சாவடி இருக்கிறது. கிழக்கே கடல், கடலுக்கு இணையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளது. அருகே காலாப்பட்டில் 1985இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

மேடு பள்ளம் அதிகமில்லாத கடலோர வழி. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நிதானமாக மிதித்தாலே நகரிலிருந்து 40 நிமிடத்தில் வந்துவிடலாம். ஆனாலும், "மெயின் ரோட்டுப் பக்கம் சைக்கிளை எடுக்காதே" என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்த அச்சம் நியாயமானதுதானா? இயற்பியலைக் கேட்டுப் பார்ப்போம்.

ஒரு கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 22 மீட்டர். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்றால், அதற்குள் கார் 22 மீட்டர் வந்துவிடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்பதற்கு மேலும் 40 மீட்டர் தேவை. மொத்தம் 60 மீட்டருக்கு மேல்! அதே கார் 30 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால் 14 மீட்டரில் நின்றிருக்கும்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகம் 4 மடங்கானால் ஆற்றல் 16 மடங்காகிறது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 80 கி.மீ. வேகத்தை அடைய ஒரு பொருள் சுமார் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். 30 கி.மீ. வேகத்திற்கு மூன்றரை மீட்டர் போதும். முன்னது எட்டு மாடிக் கட்டடம். பின்னது வீட்டு மொட்டைமாடி. தலைக்கவசம் நல்லதுதான், ஆனால் எட்டு மாடி வீழ்ச்சியைத் தாங்க அது செய்யப்படவில்லை.

ஆகவே, "பார்த்துப் போ" என்ற அறிவுரை மட்டும் போதாது என்பதே என் கருத்து. வாகனங்கள் விரையும் இடத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும். தனிப் பாதைக்கு இடமில்லாத ஊர்ப் பகுதியில் வாகனங்களின் வேகத்தை 30 கி.மீ.க்குள் அடக்க வேண்டும். 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடும் இந்த 30 கி.மீ. வரம்பையே வலியுறுத்தியது.

இது நடக்கக்கூடியதா? நெதர்லாந்தைப் பாருங்கள். 1971இல் அங்கே சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோரும் மக்களும் தெருவில் இறங்கிப் போராடினர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகே அங்கு சைக்கிள் பாதைகள் பெருகின. அவ்வளவு தூரம் போவானேன்? பிள்ளைச்சாவடிக்கு அருகிலுள்ள ஆரோவில்லிலேயே மரங்களுக்கிடையே சைக்கிள் பாதைகள் உள்ளன.

"சைக்கிளில் போவோர் சிலர்தானே, அவர்களுக்காகப் பாதையா?" என்று சிலர் கேட்கலாம். கயிறில்லாத கிணற்றுக்கு யாரும் குடத்தோடு வருவதில்லை. அதனால் ஊருக்குத் தாகமே இல்லை என்று சொல்லலாமா? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வாய்ப்பளித்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைச்சாவடி புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் நகரிலிருந்து வரும் வழியில் உள்ள கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரே சைக்கிள் பயணத்தில் இரண்டு அரசுகளின் எல்லையைக் கடக்கிறோம்! இரு தரப்பும் கலந்து பேசாவிட்டால் பாதை பாதி வழியில் நின்றுவிடும். அறுந்த சங்கிலி போல, விட்டுவிட்டுப் போடும் பாதையால் பயனில்லை. குறிப்பாக, சாலைகள் சந்திக்கும் இடங்களில் பாதை அறுந்துவிடக் கூடாது. ஆபத்து அதிகம் அங்கேதான்.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் பள்ளிக்கு அருகே, ஆசிரியர் துணையுடன், சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நின்றுகொள்ளுங்கள். 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு மரங்களையோ கம்பங்களையோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாகனம் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 180ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. வேகம் என்பது கிடைக்கும். 6 நொடி என்றால் 30 கி.மீ.; 3 நொடி என்றால் 60 கி.மீ. நூறு வாகனங்களை இப்படி அளந்து அட்டவணை போடுங்கள். எத்தனை மாணவர்கள் சைக்கிளில் வருகிறார்கள், பாதை இருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். தலைமையாசிரியர் மூலம் அதை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுங்கள்.

வெறும் கோரிக்கையை ஒதுக்கி வைப்பது எளிது. அளந்து எழுதிய கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.