மண்ணுக்கு அடியில் ஓர் அமானிதம்



பிள்ளை படித்து டொக்டராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியராகவாவது வரவேண்டும் என்று துஆக் கேட்காத உம்மாமார் நம்மில் இல்லை. “கனிய வளங்களைப் பார்க்கும் கந்தோரில் என் மகன் உத்தியோகத்தராக வேண்டும்” என்று கேட்ட உம்மா யாராவது உண்டா? அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. ஆனால் நாம் வீடு கட்ட இறக்கும் ஆற்று மணலும், அத்திவாரத்துக்குப் போடும் கருங்கல்லும், நம் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் மாணிக்கக் கல்லும் அந்த உத்தியோகத்தரின் கையெழுத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, காணி யாருடையதாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் கனியப் பொருள் குடியரசுக்கே சொந்தம். உங்கள் சீதனக் காணியில் கிடைத்தாலும் அப்படித்தான். மணல், களிமண், காரீயம், கருங்கல் போன்றவற்றுக்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் அனுமதி கொடுக்கிறது. மாணிக்கக் கல் தோண்டுவதற்கு, 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அனுமதி கொடுக்கிறது. அதற்கு முன்னர் 1971இல் தொடங்கப்பட்ட அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் அந்த வேலையைப் பார்த்தது.

இனி அந்த உத்தியோகத்தரின் வேலைக்கு வருவோம். ஒருவர் விண்ணப்பம் கொண்டு வருகிறார். உறுதி சரியா, நில அளவைப் படம் சரியா, பங்காளிகள் சம்மதித்தார்களா என்று உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். பிறகு காணிக்கே போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு தூரம்? பாதை எங்கே? ஆற்றங்கரை எங்கே? தோண்டிய குழியை மூடாமல் போனால் என்ன செய்வது என்பதற்காகப் பிணைப்பணம் வாங்க வேண்டும். வேலை முடிந்த பின் குழி மூடப்பட்டதா என்று பார்த்துத்தான் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதில் அவர் கண்ணை மூடிக்கொண்டால் என்ன நடக்கும்? எலஹர பகுதியில் மூடாமல் விட்ட மாணிக்கக் குழிகளில் தேங்கிய நீரில் மலேரியா நுளம்பு பெருகி, ஏழைக் குடும்பங்கள் காய்ச்சலில் வாடிய காலம் இருந்தது. 2016இல் நமது நாடு மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் பிள்ளை தவறி விழுந்தால் குழி குழிதான். மணலும் அப்படியே. அளவுக்கு மீறி மணல் அள்ளினால் ஆற்றின் அடி தாழ்ந்து, கோடை நாளில் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறும். களுகங்கையின் தண்ணீரை நம்பியிருக்கும் களுத்துறைப் பகுதிச் சகோதரிகளுக்கு அந்த உப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை. மணல் அள்ளியவர் யாரோ, உப்புத் தண்ணீரில் சோறு ஆக்குபவள் யாரோ!

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? யமன் தேசத்தைச் சேர்ந்த அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் மஃரிப் என்ற இடத்திலுள்ள உப்பைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டார்கள். நபியவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து போன பின், சபையில் இருந்த ஒருவர், வற்றாத தண்ணீரைப் போன்ற ஒன்றை அல்லவா அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்ற கருத்தில் எடுத்துச் சொன்னார். உடனே நபியவர்கள் அதைத் திருப்பி எடுத்துக் கொண்டார்கள். திர்மிதி, அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் இந்தச் செய்தி வருகிறது. சிரமமின்றி எல்லோரும் எடுக்கக்கூடிய கனியத்தைத் தனி ஒருவருக்கு ஒதுக்கக் கூடாது என்று இமாம்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். கொடுத்த பின்னும் உண்மை தெரிய வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற பாடமும் இதில் இருக்கிறது.

நமது நாட்டிலும் அப்படி ஒரு நாள் வந்தது. எப்பாவலையில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட பொஸ்பேற்றை ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு நீண்ட காலத்துக்குக் கொடுக்க ஓர் ஒப்பந்தம் தயாரானது. அந்த ஊரைச் சேர்ந்த ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். நெல் விவசாயிகள் இருந்தார்கள், பன்சலையின் பொறுப்பாளரும் இருந்தார். நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்ஹ எழுதிய 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசாங்கம் பாதுகாவலனே தவிர நினைத்தபடி விற்கும் முதலாளி அல்ல என்ற நிலையில் நின்றது. முறையான ஆய்வு நடந்து, அதன் முடிவு வெளியிடப்படும் வரை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்றும் கட்டளையிட்டது. பாதுகாவலன் என்பதற்கு நம் வீட்டுச் சொல் என்ன? அமானிதக்காரன்.

சகோதரிகளே, இந்த அமானிதத்தின் இரண்டு வாசல்களில் நீங்கள் நிற்கிறீர்கள்.

ஒன்று, உத்தியோகத்தரின் வீட்டு வாசல். மகனோ கணவரோ இப்படிப்பட்ட பதவியில் இருந்தால், லஞ்சம் கந்தோருக்குப் போகாது, அங்கே பல கண்கள் இருக்கின்றன. அது பெருநாளைக்கு முந்திய இரவில், ஒரு பெட்டி பேரீச்சம்பழமாக, பிள்ளைக்கு ஒரு மோதிரமாக, உங்கள் கையைத் தேடித்தான் வரும். ஸகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர் இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துச் சொன்னபோது, அவர் தம் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டது உங்களுக்குத் தெரிந்ததே. “இவர் வேறு வேலையில் இருந்தால் இது இந்த வாசலுக்கு வந்திருக்குமா?” என்ற ஒரு கேள்வி போதும். பெட்டியை வந்த வழியே அனுப்பிவிடலாம். சம்பளம் போதாத மாதத்தில் இது கஷ்டம்தான். கணவரைக் குறை சொல்லாமல் அந்த மாதத்தை ஓட்டுகிற மனைவி, அவருடைய கையெழுத்தைக் காப்பாற்றுகிறாள்.

மற்றது, காணிக்காரியின் வாசல். வாப்பா விட்டுப்போன காணி பங்கு பிரிக்கப்படாமல் கிடக்கிறது. நாநா ஒரு கடதாசியோடு வந்து, “தங்கச்சி, இதில் ஒரு கையெழுத்து வை, கல் தோண்டப் போகிறோம்” என்கிறார். நாநாவின் முகத்துக்காக வாசிக்காமலே வைத்துவிடுகிறீர்கள். உத்தியோகத்தர் அதைப் பார்த்து, பங்காளி சம்மதித்துவிட்டாள் என்றுதான் எழுதுவார். அவர் உங்கள் மனதைப் பார்க்க முடியுமா? எத்தனை குழி, எவ்வளவு காலம், கல் கிடைத்தால் என் பங்கு என்ன, குழியை மூடுவது யார் என்று கேளுங்கள். வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். கேட்பது உறவை முறிப்பதல்ல. மீராஸில் அல்லாஹ் உங்களுக்கு விதித்த பங்கை நீங்களே காப்பதுதான் அது. பின்னால் வரும் மனக்கசப்பைவிட, முன்னால் கேட்கும் நான்கு கேள்விகள் நாநாவுக்கும் நல்லது.

அடுத்த முறை பிள்ளைக்காகக் கையேந்தும்போது, அவன் எந்தக் கந்தோருக்குப் போனாலும் நேர்மையானவனாகப் போக வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். மண்ணுக்கு மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் நமக்கு அமானிதமாகத் தந்த அல்லாஹ், அதைக் காக்கும் கைகளை நம் வீடுகளிலிருந்து தருவானாக. ஆமீன்.