தொட்டியில் சிவப்பு இலை கேட்பவர்களுக்கு

எங்கள் வகுப்பறை மீன் தொட்டியின் படத்தைப் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், அந்தச் சிவப்புச் செடி எங்க வாங்கினீங்க? நாங்க வெச்சா ரெண்டு கிழமையில அழுகிப் போகுது."

எங்களுக்கும் அழுகித்தான் போனது, மூன்று தடவை. பிள்ளைகள் சில்லறை சேர்த்து வாங்கிய ரொட்டாலாவும் லுட்விஜியாவும் கடையில் சிவந்து நின்றவை. எங்களிடம் வந்து முதலில் பச்சையாகி, பிறகு தண்டு கறுத்து மிதந்தன. ஒன்று தண்ணீர்ச் செடியே இல்லை, பூச்சாடி டிரசீனா. (கடைக்காரருக்கு அது தெரிந்திருக்கும்.) "சேர், இதுவும் மௌத்தாப் போச்சி" என்று ஒரு பொடியன் சொன்னபோது சிரிப்பதா, பிள்ளைகளின் காசை நினைத்து வெட்கப்படுவதா என்று விளங்கவில்லை.

பிழை எங்களுடையது. ஒளித்தொகுப்பைக் கரும்பலகையில் படிப்பிக்கும் நாங்கள் தொட்டிக்கு முன்னால் அதை மறந்துவிட்டோம். இலையின் சிவப்பு பெரும்பாலும் அந்தோசயனின் போன்ற நிறப்பொருட்களால் வருவது. வெளிச்சம் குறைந்தால் செடி அதைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் செடிகளுக்குப் பலமான விளக்கு, காபனீரொட்சைட்டு, இரும்புச்சத்து மூன்றும் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு டியூப் லைட். சீனியும் ஈஸ்ட்டும் கலந்து போத்தலில் வாயு எடுத்தும் பார்த்தோம். வந்தது எறும்பு.

இப்போது படத்தில் இருப்பது கிரிப்டோகொரைன் வென்ட்டியை. பச்சை, கபிலம், செம்பழுப்பு என்று பல நிறங்களில் வரும். குறைந்த வெளிச்சம் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தையும் தாங்குகிறது. சாப்பாட்டை வேரால் எடுப்பதால் மணலுக்கு அடியில் கொஞ்சம் பசளை வைத்தால் சரி.

ஆனால் இடம் மாற்றினால் இலையெல்லாம் கூழாகிவிடும். எங்களுக்கும் பத்தாம் நாள் அப்படித்தான் ஆனது. பிடுங்கி எறியக் கை வைத்தபோது தரம் 8 பிள்ளை ஒருத்தி, "சேர், வேர் இன்னும் வெள்ளையா இருக்கு" என்றாள். விட்டுவைத்தோம். ஒரு மாதம் தொட்டியில் வெறும் மணல். பிறகு ஒரு சிவந்த முளை. முன்பு எறிந்தவற்றில் எத்தனை உயிரோடு இருந்தனவோ.

இந்தச் செடி இயற்கையாக வளர்வது உலகிலேயே எங்கள் நாட்டில்தான், ஓடைகளில். வெளிநாட்டார் ஆசையோடு வளர்க்கிறார்கள், எங்கள் பாடசாலைத் தொட்டிகளில் பிளாஸ்டிக் இலை. எங்களுக்கு இதில்தான் கோபம். அதற்காக ஓடையில் போய்ப் பிடுங்காதீர்கள். நர்சரியில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டிய துண்டுகளைக் கானிலோ குளத்திலோ போடவே வேண்டாம். 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவந்த சல்வீனியா தப்பி, வயலையும் குளத்தையும் மூடிய கதை பழையது. எங்கள் கிரிப்டோகொரைன் பெக்கெட்டியை அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்க்கோஸ் ஆற்றில் பரவி, அங்கே மட்டும் வளரும் காட்டு நெல்லை நெருக்கியது. தொட்டி வைத்திருந்த யாரோ கொட்டியதாகத்தான் இருக்கும். நாங்கள் துண்டுகளை வெயிலில் காயவைத்து முருங்கையடியில் புதைக்கிறோம்.

டெங்குப் பயத்தில் தொட்டியே வேண்டாம் என்ற அதிபர், கப்பிகள் நுளம்புக் குடம்பியைத் தின்பதைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

பக்கக் கன்று ஏழு இருக்கிறது. வேண்டிய ஆசிரியர்கள் வாய் அகன்ற போத்தலோடு வாங்க. இலை கரைந்தால் எங்களுக்கு உடனே போன் எடுக்காமல், ஒரு மாதம் பொறுத்து எடுங்க.