ஈரத் துணி சொல்லும் சேதி

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் பாட்டிமார், "ஆணா, பெண்ணா?" என்று கேட்ட கையோடு, "பிறந்ததும் அழுததோ?" என்று இன்னொன்றும் கேட்பார்கள். அனுபவம் கேட்கச் சொல்லுகிறது! சிசு வீறிட்டால் நெஞ்சில் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். நீலம் பாரித்து மௌனமாகக் கிடந்தால், பிராணவாயு போதாமல் திணறியிருக்குமோ என்று சந்தேகம். இதற்கு மார்க் போட 1952-ல் வழி வகுத்தவர் வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். நிறம், இதயத் துடிப்பு, மூச்சு என்று ஐந்து விஷயங்களைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று இன்றும் எழுதி வைக்கிறார்கள். ஆனால் மூளைக்கு எவ்வளவு சேதம் என்பதை அந்த மார்க் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள என்ன அவசரம் என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 2024-ல், தொழிற்சாலைப் பெண்களுக்கென்றே 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். இப்படி வேலைக்கு வந்த பெண்களில், கல்யாணமாகி அந்தப் பக்கத்திலேயே குடித்தனம் வைப்பவர்களும் இருப்பார்கள் அல்லவா? அப்படி ஒருத்திக்குச் சிறிய ஆஸ்பத்திரியில், நடுநிசியில் பிரசவம்; குழந்தை தாமதித்து அழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை உடம்புக்காரியிடமிருந்து பிரித்து, 108 வண்டியில் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ எழும்பூருக்கோ அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா? முதல் 6 மணி நேரம்தான் முக்கியம் என்கிறார்கள் டாக்டர்கள்.

இங்கேதான் சிறுநீர் உதவிக்கு வருகிறது. காற்றோட்டமில்லாத அடுப்பில் விறகு சரியாக எரியாமல் புகையும் கரியும் மிஞ்சுவதில்லையா? பிராணவாயு குறைந்த உடம்பிலும் அப்படித்தான். லாக்டிக் அமிலம் சேருகிறது. சக்தி தரும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. இவை சிறுநீரில் இறங்குகின்றன. சிறுநீர் ஒரு வேளை நீர்த்திருக்கும், ஒரு வேளை கெட்டியாயிருக்கும். ஆகவே கிரியாட்டினின் என்ற பொருளோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். 1999-ல் தைவான் டாக்டர்கள், பிறந்து 6 மணிக்குள் எடுத்த சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் அந்த லாக்டிக் அமில விகிதம், நலமாயிருந்த குழந்தைகளைவிடச் சராசரியில் 186 மடங்கு!

அவர்கள் பயன்படுத்தியது பெரிய ஆராய்ச்சி யந்திரம். யூரிக் அமிலமோ தாத்தாவின் கீல்வாதத்துக்குச் சாதாரண லாபரட்டரியிலேயே பார்ப்பதுதான். அதனால் நம் நாட்டு டாக்டர்கள் பலர் அதன்மேல் கண் வைத்திருக்கிறார்கள். ஊசி குத்த வேண்டாம். சிறு பையை ஒட்டியோ, துணியில் பஞ்சு வைத்துப் பிழிந்தோ எடுத்துவிடலாம்.

சங்கடமும் உண்டு. திணறிய குழந்தைக்குச் சிறுநீரகமும் சோர்ந்துவிடும். 6 மணிக்குள் ஒரு சொட்டும் வராமல் போகலாம். எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதும் இன்னும் ஒருமுகமாகத் தீர்மானமாகவில்லை. ஆகையால் எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்கிற வாடிக்கைப் பரிசோதனையாக இது இன்னும் வரவில்லை.

இருந்தாலும் இது வீண் ஆராய்ச்சி என்று நான் நினைக்கவில்லை. இப்படித் திணறிய சிசுவின் உடலை 72 மணி நேரம் குளிரவைத்து மூளையைக் காக்கும் சிகிச்சை மேல்நாடுகளில் பலன் தந்தது. அதை இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள்; சென்னை மருத்துவக் கல்லூரியும் பங்கேற்றது. 2021-ல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்தது. குளிரவைத்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். குளிரவைக்காதவர்களில் 31 பேர்தான். நம் குழந்தைகளில் பலருக்குச் சேதம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறதோ என்று டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று தெரியாமல் வைத்தியம் செய்வதெப்படி?

வீட்டிலே ஒன்று கவனியுங்கள். முதல் சில நாட்கள் துணியில் செங்கல் நிறத்தில் கறை தெரிந்தால் அலறவேண்டாம். பெரும்பாலும் அது சாதாரண யூரிக் அமிலப் படிவுதான், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், கைகால் வெட்டி இழுத்தாலும், 24 மணி நேரமாகியும் துணி நனையாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். முதன் முதலில் துணி நனைந்தது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள், டாக்டர் கேட்பார்.