பெயர் எழுதாத ஜாடிகளை வீசாதீர்கள்

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த ஓடில்லா நத்தை ஒன்று 2008-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. உடம்பெல்லாம் வெள்ளை. கண் கிடையாது. மண்ணுக்குள் வாழ்ந்து, கூரிய பற்களால் மண்புழுவைக் கவ்வி விழுங்கும். அந்நகர அருங்காட்சியகத்தின் பென் ரோசனும் பல்கலைக்கழகத்தின் பில் சைமண்ட்சனும் அதற்கு 'செலினோக்ளமிஸ் இஸ்பிரிடா' என்று பெயரிட்டார்கள். வெல்ஷ் மொழியில் ஆவி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். 'பேய் நத்தை' என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள உழைப்பைத்தான் யாரும் பேசவில்லை.

பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் நான். ஓடுள்ள நத்தை செத்தாலும் ஓடு மிஞ்சும்; இன்ன இனம் என்று சொல்லப் பெரும்பாலும் அதுவே போதும். ஓடில்லாததோ, ஆல்கஹாலில் போட்டதும் சுருங்கி வெளிறிவிடும். நிறத்தையும் நம்ப முடியாது. ஒரே இனத்தில் கறுப்பும் வரும், பழுப்பும் வரும். மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி, முதுகுத் தோலை நறுக்கிப் பிரித்து, குடலை ஒதுக்கி, நூலாகச் சுருண்டு கிடக்கும் இனப்பெருக்க உறுப்புகளை ஊசி முனையால் விரித்துப் பார்க்க வேண்டும். இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது.

பேய் நத்தையின் உறவினங்கள் காகசஸ் பகுதியைச் சேர்ந்தவை. அதனால் இது வேல்ஸுக்கு வந்தேறி, செடித் தொட்டி மண்ணோடு வந்திருக்கலாம் என்றே கருதினார்கள். பூர்விகம் தெரியாமல் பெயர் வைக்கலாமா என்று கேட்கத் தோன்றும். வைக்கத்தான் வேண்டும். உறுப்பு விளக்கத்தோடு பெயர் அச்சேறியதால்தான், கிரைமியாவில் முன்பே சேகரிக்கப்பட்டவையும் இதே இனம்தான் என்று உக்ரைன் ஆய்வாளர் இகோர் பலாஷோவ் 2012-இல் எழுத முடிந்தது. கிரைமியாவே அதன் தாயகமாக இருக்கலாம்.

அந்தப் பழைய மாதிரிகளை எவரேனும் தூக்கி எறிந்திருந்தால்?

நான் பணியாற்றிய கல்லூரியில் ஆய்வகத்தைச் சுருக்கியபோது, இனப்பெயர் எழுதாத ஜாடிகளைத்தான் முதலில் குப்பைக்கு அனுப்பினார்கள். பலவற்றுக்குள் பிடித்த ஊரும் தேதியும் எழுதிய சீட்டு இருந்தது. பென்சில் எழுத்து அழியவே இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. இனப்பெயரை ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் கண்டுபிடித்து எழுதிவிடலாம். ஊரும் தேதியும் போனால் போனதுதான்.

கல்லூரி ஆய்வகங்களைக் காலி செய்யும் முன், சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையத்துக்குத் தகவல் தர வேண்டும், அவர்கள் பார்த்த பிறகே எதையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.